சென்சார் தாமதித்தால்: ஸ்மித்தின் கணிப்பா, சுயதிருத்தமா?

காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் உச்சியில் இப்போது வெளியேறும் ஆவியின் கலவையை, கலவையைப் பிரித்து அளக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃப் 10 நிமிடம் கழித்துத்தான் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பழைய செய்தியை நம்பி வால்வைத் திருகும் சாதாரண கன்ட்ரோலர், தேவைக்கு மேல் திருகிவிட்டு அலைபாயும்.

பொறியாளர் ஓட்டோ ஸ்மித் 1957இல் சொன்ன வழி, ஆலையின் கணித மாதிரி ஒன்றைக் கன்ட்ரோலருக்குள்ளே ஓடவிட்டு, தாமதமில்லாத விடையை முன்கூட்டியே கணிப்பது. உண்மையான அளவீடு வந்து சேர்ந்ததும், அதே அளவு தாமதப்படுத்திய கணிப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். அழகான யோசனை! ஆனால் தாமதமே மாறினால் காலை வாரிவிடும். 20 மீட்டர் குழாயில் திரவம் நொடிக்கு 2 மீட்டர் ஓடினால் தாமதம் 10 நொடி. வேகம் பாதியானால் 20 நொடி. மாதிரியோ 10 என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

ஸ்வீடனின் ஓஸ்ட்ரோமும் விட்டன்மார்க்கும் 1973இல் முன்வைத்த சுயதிருத்தக் கட்டுப்பாடு, ஒவ்வோர் அளவீட்டிலும் மாதிரியையே புதுப்பிக்கிறது. மணிக்கு 6 அளவீடுகள்தான் என்றால் அது எப்போது கற்றுத் தேறுவது? ஆலை நெடுநேரம் அசையாதிருந்தால், கற்றதை மறந்து திடீரென்று துள்ளவும் செய்யும்.

ஓட்ட வேகத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் இருக்கும் இடத்தில் நான் ஸ்மித்தையே எடுப்பேன். மாதிரியின் தாமதத்தை மட்டும் ஓட்டத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே இருப்பேன். வினையூக்கி வாரக்கணக்கில் மெல்லச் சோர்ந்துபோகும் உலைக்குச் சுயதிருத்தம்தான்.