மூன்று நாள் சாட்சி விசாரணைப் பயிற்சி: விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர்களுக்கு உண்மையில் உதவுகிறதா?

மதுரையில் அண்மையில் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர்களுக்கென நடந்த மூன்று நாள் பயிற்சியில் கலந்துகொண்டேன். சாட்சி விசாரணை, ஆவணங்களைக் குறியீடு செய்தல் (சான்றாவணமாக எண்ணிட்டுப் பதியவைத்தல்), இறுதி வாதம் ஆகியவை பாடங்கள். சேர்ந்தவர்கள் 24 பேர். கட்டணம் மதிய உணவுடன் 7,500 ரூபாய். இவ்வகைப் பயிற்சிகளை இப்போது பலர் நடத்துவதால், நடத்தியவர்களின் பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன கற்றுத்தரப்பட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இப்படியொரு பயிற்சி ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முன் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கி இந்திய பார் கவுன்சில் 1995இல் கொண்டுவந்த விதிகளை, அதற்கு அப்படி விதி செய்யும் அதிகாரம் இல்லையென்று உச்ச நீதிமன்றம் 1999இல் ரத்து செய்தது. அன்றுமுதல் சீனியரின் அலுவலகம்தான் நமக்குப் பள்ளிக்கூடம். என் சீனியர் குறுக்கு விசாரணையில் தேர்ந்தவர். அவர் கேட்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கற்றேன். ஆனால் நான் கேட்டதில் எது பிழை என்று நின்று சொல்ல, நாளொன்றுக்கு நான்கு நீதிமன்றங்களில் வழக்கு வைத்திருந்த அவருக்கு நேரம் இருந்ததில்லை.

அந்தக் குறையைத்தான் இந்தப் பயிற்சி நேரடியாகத் தொடுகிறது. விரிவுரை மிகக் குறைவு. முன்கூட்டியே அனுப்பப்பட்ட வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வர வேண்டும். எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் எழுந்து ஐந்து நிமிடம் சாட்சியை விசாரிக்க வேண்டும். பின்பற்றப்பட்ட முறை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹாம்பல் வகுத்தது. பயிற்றுநர் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். நாம் கேட்ட கேள்வியைச் சொல் மாறாமல் படித்துக் காட்டுகிறார். அது ஏன் கெடுதல், எப்படித் திருத்துவது என்று சொல்லித் தானே செய்தும் காட்டுகிறார். பிறகு நம்மை மறுபடியும் கேட்கவைக்கிறார்.

எங்களுக்குக் கொடுத்தது இரவில் நடந்த ஒரு வெட்டு வழக்கு. கண்ணால் கண்ட சாட்சியிடம் நான், "அந்த இருட்டில் நீங்கள் எப்படி அடையாளம் கண்டீர்கள்?" என்று கேட்டேன். டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சாட்சி நிதானமாக விளக்கினார். அரசுத் தரப்பு விட்டுவைத்திருந்த ஓட்டையை நானே அடைத்துக் கொடுத்திருந்தேன். இரண்டாம் முறை, "சம்பவ இடத்தில் தெருவிளக்கு கிடையாது", "டீக்கடை ஒன்பது மணிக்கே அடைக்கப்பட்டுவிடும்", "சம்பவம் நடந்தது பதினொன்றரை மணிக்கு" என்று ஒரு கேள்விக்கு ஒரு செய்தியாக வைத்தபோது, சாட்சிக்கு ஆம் என்பதைத் தவிர வழியில்லை. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் வாயிலிருந்து வந்த கேள்வியைப் பிறர் படித்துக் காட்டக் கேட்ட பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

இரண்டாம் நாள் முற்பகல் முழுவதும் முரண்பாடுகளை நிரூபிப்பதற்குக் கொடுக்கப்பட்டது. கட்டணம் முழுவதற்கும் இந்த அரை நாள் ஈடாகும் என்பேன். போலீசாரிடம் சொல்லாத ஒன்றைச் சாட்சி கூண்டில் புதிதாகச் சொன்னால், "நான் போலீஸ் விசாரணையில் அவ்வாறு சொல்லவில்லை என்றால் சரியல்ல" என்ற சாட்சியின் மறுப்புப் பதிவோடு நம்மில் பலர் உட்கார்ந்துவிடுகிறோம். அது பாதி வேலைதான். புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது அதே பகுதியை அவரிடம் கேட்டு, "அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) என் விசாரணையில் அவ்வாறு கூறவில்லை" என்று பதிவு வாங்கினால்தான் முரண்பாடு நிரூபணமாகும். அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டதால் மேல்முறையீட்டில் நல்லதொரு வாதத்தை இழந்த வலி எனக்கு உண்டு. எல்லா விடுபடுதலும் முரண்பாடாகாது, முக்கியமானதும் சூழலுக்குப் பொருந்துவதுமான விடுபடுதலே ஆகும் என்பதையும், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 148ஆம் பிரிவையும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதையும் பயிற்சியாகவே செய்யவைத்தார்கள்.

மின்னணுச் சான்று வகுப்பும் நன்று. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் இப்போது அதினியத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் வந்துவிட்டது. அதில் முதல் பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்பி, ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும், கைரேகை போன்ற எண்-எழுத்துத் தொடரை) குறிப்பிட வேண்டும். பிழைகள் நிறைந்த ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து, ஆட்சேபணை எழுதச் சொன்னார்கள். 2024 ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகளுக்கு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே தொடர்கிறது என்பதால், இரண்டு சட்டங்களையும் ஒருசேர வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிய நம் நிலைமையை உணர்ந்து பாடம் அமைத்திருந்தது பாராட்டத்தக்கது.

குறைகளில் பெரியது மொழி. முதல் நாள் பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. நம் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சி தமிழில் பேசுகிறார். நீதிபதி அதை விவரிப்பு நடையில் தொகுத்துச் சொல்லப் பதிவாகிறது. நாம் கூர்மையாகக் கேட்ட ஐந்து கேள்விகள் "என்றால் சரிதான்" என்று முடியும் ஒரே வாக்கியமாகிவிடலாம். அந்தப் பதிவைக் காதுகொடுத்துக் கேட்டு, விடுபட்டதை அங்கேயே பணிவோடு சுட்டிக்காட்டுவதும், தேவைப்படும் இடத்தில் கேள்வி பதிலாகவே பதிவு செய்யுமாறு வேண்டுவதும் எங்கள் அன்றாடத் தொழிலில் பாதி. அதற்கென ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. வளைந்து கேட்டால் தமிழில் கேள்வி எப்படி நீர்த்துப்போகிறது, வினைமுற்றில் முடித்தால் எப்படி இறுகுகிறது என்பதையெல்லாம் நாங்கள் தேநீர் இடைவேளையில்தான் பேசிக்கொண்டோம்.

உரிமையியல் வழக்குகளும் கவனிக்கப்படவில்லை. அங்கே தன் தரப்புச் சாட்சியின் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகத் தாக்கலாகிறது. உயிலை நிரூபிக்கச் சான்றொப்பமிட்ட சாட்சியை விசாரிப்பது போன்ற நுணுக்கங்கள் தனிப் பாடத்துக்கு உரியவை. பாகப்பிரிவினை, உயில் வழக்குகளே மிகுதியாக நடத்தும் நண்பர் ஒருவர் ஏமாற்றத்தோடு திரும்பினார். இறுதி வாதத்துக்கு மூன்றாம் நாள் பிற்பகல் கொஞ்ச நேரமே கிடைத்தது.

குற்றவியல் பக்கம் மூன்று முதல் பத்து ஆண்டுகள் தொழில் செய்தவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நேற்றுப் பதிவு செய்தவர்கள், ஓராண்டாவது நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு சேர்வது நல்லது. எந்த ஊரில் சேர்வதாயினும், ஒரு குழுவில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை எழுந்து விசாரிக்க வாய்ப்புக் கிடைக்கும், பயிற்சி தமிழில் நடக்குமா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.