பேட்டரி மாற்றலாமா, புது போன் வாங்கலாமா?

2019-ல் வந்த ஐபோன் 11 இன்னும் பலர் கையில் இருக்கிறது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்தால் உடனே புது போன் விலை பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த்தைப் பாருங்கள். சுமார் 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்த பேட்டரி அது. அதற்கும் கீழே போயிருந்தால் தேய்ந்தது பேட்டரிதான், போன் இல்லை. போன் திடீரென அணையாமலிருக்க மென்பொருளே வேகத்தைக் குறைத்திருக்கலாம். புது பேட்டரி போட்டால் அந்த வேகமும் திரும்பும், செலவும் புது போன் விலையில் சிறு பங்குதான். திரையின் ஓரம் தூக்கி நின்றால் மட்டும் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜ் போடாமல் நேரே கடைக்குப் போங்கள்.

அப்புறம், ஒரு போனால் வரும் கார்பன் வெளியேற்றத்தில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. எனக்கு இதுவே பெரிய காரணம்.

5ஜி வேண்டுமென்றால் சரி, புதுசுதான் வழி. ஐபோன் 11-ல் அது கிடையாது. அப்டேட்டையும் பாருங்கள். 2025-ல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 26 ஐபோன் 11-க்குக் கிடைத்தது, அதற்கு முந்தைய ஐபோன் எக்ஸ்ஆருக்குக் கிடைக்கவில்லை. எக்ஸ்ஆர் என்றால் பேட்டரிக்குப் பணம் போட நான் யோசிப்பேன். பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் யுபிஐ வேண்டவே வேண்டாம். வாங்குவதானால் பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போல 7 ஆண்டு அப்டேட் உறுதியளித்த போனாக வாங்குங்கள்.