மாருதி 800 முன்பக்கச் சத்தம்: சிவி ஜாயின்ட்டா, புஷ்ஷா?

2014 தொடக்கத்தில் தயாரிப்பு நின்ற வண்டி. இன்று ஓடுபவை எல்லாமே பத்து வயது தாண்டியவை. முன்பக்கம் தட்டினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: ஆக்ஸிலின் (என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) சிவி ஜாயின்ட், அதாவது வளைந்து கொடுக்கும் மூட்டு; அல்லது லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கீழ்க்கை) பக்கத்து ரப்பர் புஷ், அதாவது அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்.

சிவி ஜாயின்ட் வளைவில்தான் வாய் திறக்கும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, முதல் கியரில் வட்டமடியுங்கள். சக்கரம் சுற்றும் வேகத்துக்கே 'டக் டக் டக்' என்று அடித்தால் அதேதான். வலப்பக்கம் ஒடிக்கும்போது கேட்டால் பெரும்பாலும் இடப்பக்க ஜாயின்ட். குனிந்து பாருங்கள்: பூட் (ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்து, ரிம்மின் உட்புறமெல்லாம் கருப்பாக கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வருமுன் பூட் கிழிசல் கண்ணில் பட்டால் புது பூட்டும் கிரீஸும் போதும். சத்தம் வந்தபின் பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

புஷ்ஷுக்கு இந்தத் தாளம் கிடையாது. நேர் ரோட்டிலேயே, குழியிலும் ஸ்பீடு பிரேக்கரிலும் 'லொடக்' என்று ஒரே தட்டு. சடக்கென்று பிரேக் பிடித்தாலும் வரும். இதற்கு ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். முதலில் கடப்பாரையால் நெம்பி புஷ்ஷின் ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

புஷ் மலிவு. ஆனால் இரண்டும் சேர்ந்தே போயிருந்தால் ஜாயின்ட்டை முதலில் பாருங்கள். அது உடைந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.