எந்த லினக்ஸ் கர்னல்: ஸ்டேபிளா, எல்.டி.எஸ்-ஆ, டிஸ்ட்ரோ தருவதா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பதிப்பு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அதை யார் பராமரிக்கிறார்கள், எதுவரை என்பதை.

ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் புதுப் பதிப்பை வெளியிடுகிறார்; ஸ்டேபிள் என்பது அதுதான். அடுத்த பதிப்பு வந்த சில வாரங்களில் முந்தைய ஸ்டேபிள் வரிசைக்குத் திருத்தங்கள் நின்றுவிடும். புது லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லையா, புது ஸ்டேபிளைப் போட்டுப் பாருங்கள். ஆனால் போட்டபின் விடாமல் அடுத்தடுத்த பதிப்புக்கு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்.டி.எஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு, நின்று நிதானமாகப் போகும். பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் வரும் ஒரு பதிப்பை அதற்கென எடுத்துவைக்கிறார்கள். 4.14-க்கு 2017 நவம்பர் முதல் 2024 ஜனவரி வரை, 5.4-க்கு 2019 நவம்பர் முதல் 2025 டிசம்பர் வரை பேட்ச் (திருத்தம்) வந்தது. 2023-இல் இந்த ஆறு ஆண்டு வழக்கத்தை இரண்டு ஆண்டாகக் குறைக்கப்போவதாகக் கர்னல் பராமரிப்பாளர்கள் சொன்னார்கள். பலர் கோபப்பட்டார்கள், எனக்கு அது நியாயமாகவே பட்டது. திருத்தம் முதலில் மெயின்லைனில் (லினஸின் முதன்மை வரிசையில்) சேர வேண்டும், அப்புறம்தான் பழைய வரிசைகளுக்கு இறங்கும். பழைய பதிப்புகளுக்குப் போகப் போக அந்த ஃபங்ஷனே (நிரல் துண்டு) வேறாக இருக்கும், பேட்ச் ஒட்டாது, கையால் திருத்தி எழுத வேண்டும். அந்தப் பாரத்தைச் சுமப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

டிஸ்ட்ரோ, அதாவது ரெட் ஹேட், டெபியன் போல லினக்ஸைத் தொகுத்துத் தருபவர்கள், கொடுக்கும் கர்னலில்தான் எண் ஆளை ஏமாற்றும். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தது 2019 மே மாதம், 4.18-உடன். அந்த 4.18-க்கு மூல வரிசையில் 2018 நவம்பரிலேயே ஆதரவு முடிந்திருந்தது! இன்றும் அந்த சர்வரில் பதிப்பைக் கேட்டால் 4.18.0-553 என்பது போலத்தான் வரும். பாதுகாப்பைச் சோதிக்கும் ஸ்கேனர்கள் அதைப் பார்த்ததும் பழசு என்று சிவப்புக் குறி போடும். ஆனால் உள்ளே ஆயிரக்கணக்கான திருத்தங்களை ரெட் ஹேட் பொறியாளர்கள் புதிய பதிப்புகளிலிருந்து பேக்போர்ட் செய்து (பழையதற்கு இறக்கி) வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் மூன்று எண்களை விட்டுவிட்டு ரெட் ஹேட் தானே போடும் அந்த 553-ஐப் பாருங்கள். டெபியன் வழி எளியது: டெபியன் 12, எல்.டி.எஸ் ஆன 6.1-ஐ எடுத்துக்கொண்டு அதன் திருத்தங்களோடேயே நகர்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

மின்நிலையம், ரயில் போன்றவற்றுக்கு இதெல்லாம் போதாது. அவர்களுக்காக 2016-இல் தொடங்கிய சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம், 4.4, 4.19, 5.10 போன்ற சிலவற்றைப் பத்தாண்டு தாங்கிப் பிடிக்கிறது.

சரி, வீட்டுக் கணினிக்கு? டிஸ்ட்ரோ தருவதே போதும். போர்டு (சிறு கணினிப் பலகை) வாங்கிப் பொருள் செய்து விற்பவர் என்றால், அதில் இருப்பது எந்த எல்.டி.எஸ், மாதாமாதம் பேட்ச் சேர்ப்பது யார் என்று பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.