யூவி சேனல் மாற்றி 3 வருடம்: லேம்ப்பை விட ஸ்லீவ்தான் எங்களைப் படுத்தியது

நொய்யல் பக்கம் ஒரு நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சுத்திகரித்த தண்ணீரை ஒரு கால்வாயில் (சேனல்) ஓடவிட்டு, யூவி எனும் புற ஊதா ஒளியால் அதிலுள்ள கிருமிகளை முடக்குகிறோம். பழைய யூவி லேம்ப்புகளைக் கழற்றிவிட்டு அமால்கம் (பாதரசக் கலவை) லேம்ப் வைத்த புது சேனல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. போட்ட புதிதில் எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன், நல்லவேளை எழுதவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 8,760 மணி நேரம். பழைய லேம்ப் சுமார் 9,000 மணி நேரம்தான் தாங்கும், அதனால் வருடா வருடம் மொத்தமாக மாற்ற வேண்டியிருந்தது. புதியது 12,000 மணி நேரம் வரை கவலையில்லாமல் ஓடுகிறது. ஒவ்வொன்றும் சக்தி அதிகம் என்பதால் எண்ணிக்கையும் குறைவு, கழற்றி மாட்டும் வேலையும் குறைவு. குளோரின் சிலிண்டர் வைத்திருக்கும் இடங்களில் இருக்கும் கசிவு பயம் இங்கே கிடையாது.

சிக்கல் எல்லாம் தண்ணீரில்தான். 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மேல் பட்டால்தானே வேலை நடக்கும்? ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைத் தாண்டி 65 சதவீத ஒளி போனால், மூன்று சென்டிமீட்டரில் 27 சதவீதம் மிஞ்சும். அந்த 65 என்பது 50 ஆகிவிட்டால் மூன்றாவது சென்டிமீட்டரில் மிஞ்சுவது பன்னிரண்டரைதான், பாதிகூட இல்லை. எங்கள் ஊரில் சில நாள் ராத்திரி யாரோ சாயத் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிடுகிறார்கள், காலையில் வந்து பார்த்தால் சேனலில் டீத்தண்ணி நிறத்தில் ஓடுகிறது. பி.ஓ.டி. (தண்ணீரில் மக்கும் அழுக்கைக் காட்டும் அளவு) எல்லாம் சரியாக இருக்கும், கண்ணுக்கும் பெரிய கலங்கலாகத் தெரியாது, ஆனால் அந்த நிறமே ஒளியைக் குடித்துவிடும். அன்றைக்கு எத்தனை லேம்ப் எரிந்தும் பிரயோஜனமில்லை.

அப்புறம் ஸ்லீவ். லேம்ப்பைத் தண்ணீர் தொடாமல் மூடியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்தான் அது. லேம்ப் அதற்குள் இருக்கிறது, குழாய் சூடாகிறது, நம்மூர் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கீசர் காயிலில் பிடிக்கிற மாதிரியே வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். தானியங்கி வைப்பர் இருக்கிறதே என்று நம்பி இருந்தோம். அது வழவழப்பான பாசியைத் துடைக்கும், இறுகிப்போன உப்பை அசைக்காது. முதல் வருடம் ஒளி அளவு குறைந்தபோது சப்ளை செய்தவர்கள் அனுப்பிய ஆள் லேம்ப் பழசாகிவிட்டது என்றார், நாங்களும் மாற்றினோம், அளவு ஏறவே இல்லை. எங்கள் மூத்த ஆபரேட்டர்தான் "ஏனுங் சார், ஒரு குழாயைக் கழற்றி எலுமிச்சை உப்புத் தண்ணியில போட்டுப் பார்க்கலாமுங்களா?" என்றார். ஊறவைத்துத் துடைத்து மாட்டியதும் அளவு ஏறியது. ஒளியை அளக்கும் சென்சாரின் கண்ணாடியிலும் அதே உப்புதான் படிந்திருந்தது. வீணாக மாற்றிய லேம்ப்புகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தண்ணீர் மட்டத்தைப் பற்றியும் வாங்கும்போது யாரும் பேசவில்லை. ராத்திரி வரத்து குறைந்து மட்டம் இறங்கினால் மேல் வரிசைக் குழாய்கள் வெளியே தெரியும், அதில் உப்பு சுட்டுப்போய் ஒட்டும். காலையில் வரத்து ஏறி மட்டம் கூடினால் ஒளி எட்டாத உயரத்தில் ஒரு பங்கு தண்ணீர் அப்படியே நழுவிவிடும். கடைசி முனையின் தடுப்பை மாற்றியமைத்த பிறகுதான் இது அடங்கியது. கரன்ட் போய் வந்தாலும் லேம்ப் முழுச் சூட்டுக்கு வரச் சில நிமிடம் ஆகும், அதுவரை ஓடுகிற தண்ணீர் சும்மாதான் போகிறது.

லேப் முடிவு ஒன்று எங்களைச் சுற்றவிட்டது. மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி) 100 மில்லிக்கு 1,000-க்குள் இருக்க வேண்டும் என்பது 2017 விதி. சேனலில் எல்லாம் ஒழுங்கு, லேப்பில் மட்டும் எண்ணிக்கை எகிறும். பார்த்தால், வெளிச்சம் புகும் வெள்ளை பாட்டிலில் பிடித்து வெயிலில் வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். யூவி கிருமியின் டி.என்.ஏ-வைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான், வெளிச்சம் கிடைத்தால் சில கிருமிகள் அதைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். இப்போது பழுப்பு பாட்டில், கருப்புத் துணி, ஐஸ் பெட்டி. திறந்த தொட்டியில் தேக்கி மறுபடி பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் குளோரினும் சேர்த்தே ஆக வேண்டும், யூவிக்குப் பின்பலம் எதுவும் தண்ணீரில் தங்காது.

எரிகிற லேம்ப்பை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். வெல்டிங் பார்த்தவன் மாதிரி ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் உறுத்தும். ஒரு பையன் பட்டுத்தான் தெரிந்துகொண்டான். உடைந்த லேம்ப்பில் பாதரசம் உண்டு, குப்பையில் போடக் கூடாது.

திரும்ப வாங்குவீர்களா என்றால் வாங்குவேன், ஆனால் சேனலுக்கு முன்னால் தண்ணீரைத் தெளியவைக்கும் ஃபில்டரை முதலில் போட்டுவிட்டு. அந்தக் காசையும் சேர்த்து லேம்ப்பிலேயே கொட்டினோம். இப்போது ஃபில்டர் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், வரும்வரை அந்த மூத்த ஆபரேட்டர் அண்ணன் வாரம் ஒரு நாள் எலுமிச்சை உப்புப் பொட்டலத்தோடு சேனலில் உட்கார்ந்திருக்கிறார்.