ராயபுரம் உப்புக்காற்றில் சாமுராய் படங்கள்: மாட்டி வைத்துப் பழகிய அனுபவம்

சாமுராய் (பழைய ஜப்பானியப் போர்வீரர்) வால் ஆர்ட், அதாவது சுவரில் மாட்டும் படம், வாங்கலாமா என்று யார் கேட்டாலும், படத்தை விடுங்கள், முதலில் சுவரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் வீடு ராயபுரத்தில், காசிமேடு துறைமுகத்துக்குப் பக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் சுவர் ஓதம் அடிக்கும், பெயின்ட் பொரிந்து உதிரும். ஆன்லைனில் வாங்கிய ஆளுயர வினைல் ஸ்டிக்கர், அதுதான் சிவப்புச் சூரியனுக்கு முன்னால் வாளோடு ஒருவர் நிற்பாரே, அது முதல் மழைக்கே ஓரம் சுருண்டு, உரிக்கும்போது பட்டியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம்தான் பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்கள் பக்கம் போனேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-லிருந்து காப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய சைஸிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. சாமுராய் படங்களுக்குப் பேர் போன 19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர்கள் குனியோஷி, யோஷிதோஷி இரண்டு பேருடைய படங்களும் அங்கே இருக்கின்றன. இவற்றைப் பார்த்த கண்ணுக்கு, கடையில் தொங்கும் கறுப்பு சிவப்பு போஸ்டர்கள் எல்லாம் ஒரே முகமாகத் தெரிகின்றன.

என் அறையில் பெரிய சுவரில் இருப்பது குனியோஷி வரைந்த, புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியின் படம், மூன்று தாளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால்தான் முழுசாகும். ராட்சதத் திமிங்கலத்தின் முதுகில் ஏறி வாளைப் பாய்ச்சுகிறார், மூன்று தாள் அகலத்துக்கும் திமிங்கலம்தான், மனிதர் சின்னதாக. முசாஷி 1645-இல் இறந்தவர், படம் வந்தது அதற்கு ஏறக்குறைய 200 வருஷம் கழித்து. மூன்று தாளையும் தனித்தனி ஃப்ரேமில் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், இடைவெளி விழுந்தால் திமிங்கலம் துண்டாகிவிடும், ஒரே ஃப்ரேம்தான் சரி. லாஞ்சில் கடலுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தால் வாளைப் பார்ப்பதில்லை, அந்த அலையைத்தான் பார்ப்பார். "தம்பி, இது உள்கடல் தண்ணி நிறம்பா" என்றார்.

செலவு ஃப்ரேமில்தான் செய்ய வேண்டும். பாரிமுனைப் பக்கம் ஃப்ரேம் கடையில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். பிக்மென்ட் இங்கில் (நிறத்தூள் கலந்த மை) மேட் பேப்பர் (பளபளப்பில்லாத தாள்) பிரிண்ட். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை), இல்லாவிட்டால் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் முழுக்க டேப், ராமபாணப் பூச்சி நுழையாமல் இருக்க. வீட்டில் மாட்டும்போது நாலு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்து, சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போக வழி விடுங்கள். ஆணி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கட்டும், சாதா ஆணி துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். இப்படி மாட்டிய படம் பல மழை பார்த்துவிட்டது, தாளில் ஒரு புள்ளி பூஞ்சை இல்லை.

சுவருக்கு மங்கலான வெள்ளை அடித்தது ரொம்ப நல்லதாகப் போயிற்று, சின்ன அறையில் கறுப்பு அடித்தால் புழுக்கம் இன்னும் கூடின மாதிரி இருக்கும். வெயில்தான் இன்னும் சவால். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் நேரே விழுகிற இடத்தில் வைத்த யோஷிதோஷி நிலாப் படத்தில் சிவப்பு வெளுத்துவிட்டது, நீலம் அப்படியே இருக்கிறது. அதை வேறு பிரிண்ட் எடுத்து உள்சுவருக்கு மாற்றப் போகிறேன், ஜன்னல் பக்கம் இனி காலியாகவே இருக்கட்டும்.