கிளை மேலாளர்களுக்கான ஐந்து நாள் தலைமைப் பயிற்சி: பங்கேற்றவரின் மதிப்புரை

தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகக் கிளை மேலாளராக, அதாவது ஒரு பணிமனையின் பொறுப்பாளராக, பணிபுரிகிறேன். கழகம் என்னை அனுப்பிவைத்த ஐந்து நாள் தலைமைப் பயிற்சியைப் பற்றி, அடுத்த அணியில் செல்லவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால், நடத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாள்கள் எனக்கு அதிகம் பயன்படவில்லை. பாடங்கள் எந்தத் தொழிலுக்கும் பொருந்தக்கூடியவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளரின் கண்ணெதிரே வேலை நடக்கிறது. பணிமனையிலோ விடியற்காலை வண்டி வாயிலைத் தாண்டிவிட்டால், அது திரும்பி வரும்வரை ஓட்டுநரும் நடத்துநரும் நம் பார்வையில் இருப்பதில்லை. கண்ணில் படாதவர்களை எப்படி வழிநடத்துவது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் கேள்வி. அந்தக் கேள்வி மூன்றாம் நாள்தான் வகுப்புக்குள் வந்தது.

அன்று வகுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற போக்குவரத்து அதிகாரி. நகரப் பேருந்து ஒன்றில் வசூல் தொடர்ந்து குறைந்திருப்பதாகச் சொல்லி, அதன் நடத்துநரிடம் விளக்கம் கேட்டு மெமோ எழுதச் சொன்னார். அனைவரும் எழுதி முடித்ததும் தாள்களை மாற்றிக்கொடுத்து, நாங்களே அந்த நடத்துநராக அமர்ந்து விளக்கம் அளிக்க வேண்டும் என்றார். அதன் பிறகே, நடத்துநர் கொடுத்த சீட்டுகளின் கணக்கைக் குறிக்கும் தாளான வே பில்லின் நகலைக் கையில் கொடுத்தார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வண்டியில் கட்டணமில்லாச் சீட்டுகள் பெருகி, ஏறிய பயணிகளின் மொத்த எண்ணிக்கை கூடியிருந்ததை எங்களில் ஒருவர்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே மெமோ எழுதியிருந்தோம். அதிகம் பேரை ஏற்றி இறக்கியவருக்கு அலட்சியம் என்று குற்றம் சாட்டியிருந்தோம். அப்படிப்பட்ட மெமோக்களில் நான் உண்மையாகவே கையெழுத்திட்டிருக்கிறேன் என்பது அன்று மனத்தை மிகவும் வருத்தியது.

நான்காம் நாளும் அதே தரத்தில் இருந்தது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஓய்வு இடைவேளையைச் சேர்த்தும் ஒரு நாள் பணி 12 மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது என்றது. இவை எங்களுக்குத் தேர்வுக்காகப் படித்த எண்கள். பயிற்சியாளரோ ஒரு விபத்து அறிக்கையையும், விபத்துக்கு முந்தைய பத்து நாள்களின் பணி ஒதுக்கீட்டுப் பதிவேட்டையும் அருகருகே வைத்தார். அறிக்கையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற ஒரே காரணம் இருந்தது. பதிவேட்டில் ஆள் பற்றாக்குறையால் அடுத்தடுத்துப் பார்த்த இரட்டைப் பணிகள் இருந்தன. அந்தப் பணிகளை ஒதுக்கியவர் கிளை மேலாளர் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பெரிய குறை ஒன்று உண்டு. வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. நடத்துநராகச் சேர்ந்து பதவி உயர்வில் வந்த பரிசோதகர்கள் எங்கள் அணியில் இருந்தார்கள். தடங்களையும் தொழிலாளர்களின் மனத்தையும் எங்களைவிட நன்கு அறிந்த அவர்கள், மொழித் தயக்கத்தால் வாய் திறக்கவே இல்லை. தேநீர் இடைவேளையில் அவர்கள் தமிழில் பேசியவற்றிலிருந்து நான் கற்றது பல வகுப்புகளைவிட அதிகம். ஓட்டுநர், நடத்துநர் ஒருவரைக்கூடப் பேச அழைக்காததும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. தங்குமிடமும் உணவும் நன்றாகவே இருந்தன.

திரும்பி வந்தபின் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன்: வே பில்லையும் பணிப் பதிவேட்டையும் பார்த்து, சம்பந்தப்பட்டவரை நேரில் அழைத்துக் கேட்ட பிறகே மெமோவில் கையெழுத்திடுகிறேன். இந்தப் பயிற்சிக்குக் கிளை மேலாளர்களைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. செல்பவர்கள் தாங்கள் கடைசி மூன்று மாதங்களில் கொடுத்த மெமோக்களின் நகல்களை, பெயர்களை மறைத்து, உடன் எடுத்துச் செல்லுங்கள். மூன்றாம் நாள் வகுப்பில் அவை தேவைப்படும்.